சென்னையில் மாத்திரை, இந்தூரில் கதிர்: முதல்முறை எக்ஸாஃப்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, எக்ஸ்ஆர்டி எடுத்தாச்சு, ராமன் எடுத்தாச்சு. எக்ஸாஃப்ஸும் எடுத்துட்டா பேப்பர் கொஞ்சம் வெயிட்டா இருக்கும்ல?" இருக்கும். ஆனால் எதைத் தெரிந்துகொள்ள எடுக்கிறாய் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். முதல்முறை நானும் அப்படித்தான் முழித்தேன்.

எக்ஸ்ஆர்டி படிகத்தின் ஒழுங்கைக் காட்டும். எக்ஸாஃப்ஸ் என்பது, எக்ஸ் கதிரை ஒரு பொருள் எப்படி உறிஞ்சுகிறது என்று அளந்து, அதிலுள்ள ஒரு தனிமத்தின் அணுக்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை. கிண்டியிலோ தரமணியிலோ ஓர் ஆய்வகத்தில் உட்கார்ந்து பொடி தயாரித்துக்கொண்டிருக்கும் ஒருவர், அதை இந்தூர் கொண்டுபோய் எக்ஸ் கதிரில் வைத்து அளந்து, திரும்பி வந்து உருப்படியான ஒரு படம் போடும்வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன். மாத்திரை போடும், அதாவது பொடியை அழுத்தி வில்லையாக்கும், பகுதி கொஞ்சம் நீளும். பெரும்பாலானோர் கோட்டை விடுவது அங்கேதான்.

இது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இரும்பு உள்ள ஒரு பொருளின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அதன் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகிறோம். 7112 எலெக்ட்ரான் வோல்ட் வரும்போது இரும்பு அணுவின் ஆக உள்ளே, கே கூட்டில் இருக்கும் எலெக்ட்ரான் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அந்த இடத்தில் உறிஞ்சல் சடாரென்று எகிறும். இதுதான் விளிம்பு. ஒவ்வொரு தனிமத்துக்கும் விளிம்பு வேறு வேறு ஆற்றலில் இருப்பதால், பொருளில் எத்தனை தனிமம் இருந்தாலும் நமக்கு வேண்டியதை மட்டும் தனியே கூப்பிட்டு விசாரிக்கலாம்.

வெளியே வந்த எலெக்ட்ரான் அலையாகப் பரவும். தெப்பக்குளத்தில் கல்லைப் போட்டால் அலை படிக்கட்டில் மோதித் திரும்பி வருமே, அதுபோல இதுவும் பக்கத்து அணுக்களில் மோதித் திரும்பும். போகிற அலையும் வருகிற அலையும் ஒத்துப்போனால் உறிஞ்சல் கூடும், முட்டிக்கொண்டால் குறையும். அதனால் விளிம்புக்கு அப்பால் உறிஞ்சல் கோடு நெளிந்து நெளிந்து போகும். விளிம்பை ஒட்டிய ஐம்பது எலெக்ட்ரான் வோல்ட் வரையிலான பகுதியை ஸேன்ஸ் என்கிறோம். அணுவின் ஆக்சிஜனேற்ற நிலையும் அதைச் சுற்றியுள்ள வடிவமும் அதில் தெரியும். அதற்கு மேல் பல நூறு எலெக்ட்ரான் வோல்ட் தூரம் நீளும் நெளிவுதான் எக்ஸாஃப்ஸ். பக்கத்தில் இருப்பது யார், எத்தனை பேர், எவ்வளவு தூரத்தில் என்பது அதில் இருக்கும். இந்த நெளிவுகளை ஃபூரியே மாற்றம் செய்தால் தூரங்களைப் பிரித்தெடுக்கலாம் என்று சேயர்ஸ், ஸ்டெர்ன், லைட்டில் என்ற மூவர் 1971-இல் காட்டிய பிறகே இது அமைப்பை அறியும் கருவியானது.

படிகமாக இல்லாத கண்ணாடி, நானோ துகள், கரைசல் எல்லாவற்றுக்கும் இது வேலை செய்யும். எக்ஸ்ஆர்டி கைவிரிக்கும் இடங்கள் அவை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: இது சராசரி. மாதிரியில் உள்ள எல்லா இரும்பு அணுக்களும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். உங்கள் ஃபெரைட்டில் (இரும்பும் வேறு உலோகமும் சேர்ந்த ஆக்சைடு) பத்தில் ஒரு பங்கு வேறு ஆக்சைடு கலந்திருந்தால் அதன் குரலும் அதே கோட்டில் இருக்கும். அதனால் எக்ஸ்ஆர்டியில் கலப்படம் தெரியும் மாதிரியை இந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அப்புறம், தனிம அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களை எக்ஸாஃப்ஸால் பிரித்துச் சொல்ல முடியாது. அண்டை அணு ஆக்சிஜனா நைட்ரஜனா, இரும்பா மாங்கனீஸா என்ற கேள்விக்கு இதில் விடை தேடுவது வீண்.

எந்த விளிம்பு?

இந்தூரில் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இருக்கிறது இண்டஸ்-2. 2.5 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எலெக்ட்ரான்கள் சுற்றிவரும் சிங்க்ரோட்ரான் அது. அதில் எக்ஸாஃப்ஸுக்கென்றே இரண்டு பீம்லைன்கள் (கதிரை மாதிரிவரை கொண்டுவந்து அளக்கும் பாதைகள்), 8-ம் எண்ணும் 9-ம் எண்ணும். இரண்டும் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்தவை. ஆற்றலைப் படிப்படியாக ஏற்றி அளப்பது 9-ம் பீம்லைன். புதியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போவார்கள். அதன் வீச்சு ஏறத்தாழ 4 முதல் 25 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். டைட்டானியம் 4966, மாங்கனீஸ் 6539, இரும்பு 7112, கோபால்ட் 7709, நிக்கல் 8333, தாமிரம் 8979, துத்தநாகம் 9659 என்று நமக்குப் பழக்கமான உலோகங்களின் கே-விளிம்புகள் எல்லாம் இதற்குள் வந்துவிடும். கார்பன், ஆக்சிஜன், சோடியம் வராது.

விளிம்பு வீச்சுக்குள் இருந்தால் மட்டும் போதாது. அடுத்த விளிம்பு எங்கே குறுக்கிடுகிறது என்று பாருங்கள். பேரியம் டைட்டனேட்டில் டைட்டானியத்தை அளக்கப் போகிறவர் 5247-இல் பேரியத்தின் எல்3 விளிம்பு (கே-க்கு அடுத்த எல் கூட்டின் விளிம்பு) காத்திருப்பதை விண்ணப்பம் எழுதும்போதே பார்த்துவிட வேண்டும். இடைவெளி 281 எலெக்ட்ரான் வோல்ட்தான். வெளியேறிய எலெக்ட்ரானின் அலை எண் கணக்கில் 8.6-உடன் தரவு முடிந்துவிடும். லாந்தனம் வனடேட் இன்னும் மோசம். வனேடியத்தின் கே-விளிம்பு 5465, லாந்தனத்தின் எல்3 5483. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். மாங்கனீஸ் ஃபெரைட்டில் மாங்கனீஸை அளந்தால் 573 எலெக்ட்ரான் வோல்ட் தள்ளி இரும்பு வரும். அலை எண் 12 வரை கிடைக்கும், அது போதும். கணக்கு எளிது: விளிம்பிலிருந்து எத்தனை எலெக்ட்ரான் வோல்ட் தூரமோ அதை 0.2625-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்.

விண்ணப்பம்

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இணையத்தில் பதிந்து, வழிகாட்டிப் பேராசிரியர் பெயரில் அனுப்ப வேண்டும். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "மாதிரியின் உள்ளூர் அமைப்பை ஆராய்தல்" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. "600 டிகிரியில் சுட்டதற்கும் 900 டிகிரியில் சுட்டதற்கும் இடையே மாங்கனீஸ் நான்முகி இடத்திலிருந்து எண்முகி இடத்துக்குப் போகிறதா" என்று எழுதினால் புரியும். எத்தனை மாதிரி, எத்தனை ஒப்பீட்டுப் பொருள் (அமைப்பு ஏற்கெனவே தெரிந்த சேர்மம்), எந்த விளிம்பு என்பதையும் சொல்லுங்கள். இருபது மாதிரிக்கு ஆசைப்பட வேண்டாம். ஐந்து நல்ல மாதிரியும் மூன்று ஒப்பீட்டுப் பொருளும் இருந்தாலே ஒரு கட்டுரைக்குத் தாராளம்.

மாத்திரை

இனி விஷயத்துக்கு வருவோம். கதிர் மாதிரியை ஊடுருவிப் போக வேண்டும், ஆனால் முழுசாகவும் போய்விடக் கூடாது. முன்னால் கதிரின் அளவைச் சொல்லும் ஓர் அயனிக் கலம், பின்னால் ஒன்று. முன்னால் அளந்ததைப் பின்னால் அளந்ததால் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் உறிஞ்சல் கிடைக்கும். விளிம்பில் அந்த எண் ஏறத்தாழ 1 எகிற வேண்டும், விளிம்பைத் தாண்டிய மொத்தம் 2.5-ஐத் தாண்டக் கூடாது. அதற்குள் வரும்படி பொடியின் எடையைக் கணக்கிட வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன். ஃபெரிக் ஆக்சைடு எடுத்துக்கொள்வோம். இரும்பின் நிறை உறிஞ்சல் கெழு விளிம்புக்குக் கீழே 53, மேலே 408 சதுர செ.மீ./கிராம். வித்தியாசம் 355. ஃபெரிக் ஆக்சைடில் இரும்பு 70 சதவீதம், ஆகவே எகிறல் 248. அதை 1 ஆக்க ஒரு சதுர செ.மீ.க்கு 4 மில்லிகிராம் வேண்டும். நம் அச்சு 13 மி.மீ. விட்டம், பரப்பு 1.33 சதுர செ.மீ. ஆக மொத்தம் 5.3 மில்லிகிராம். அவ்வளவுதான்! கடுகளவு. முதல்முறை கேட்பவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஐம்பது மில்லிகிராம் போட்டு அழுத்துவார்கள், அந்த மாத்திரை வழியாகக் கதிர் எட்டிக்கூடப் பார்க்காது. உங்கள் மாதிரியில் வேறு உலோகங்கள் இருந்தால் அவற்றின் உறிஞ்சலையும் மொத்தத்தில் கூட்டிக்கொள்ளுங்கள். இரும்பின் விளிம்பில் அளக்கும்போது மாங்கனீஸ் தன் விளிம்பை ஏற்கெனவே தாண்டிவிட்டிருக்கும், அதுவும் நன்றாக உறிஞ்சும்.

ஐந்து மில்லிகிராமை வைத்து மாத்திரை நிற்காது, நிரப்பி வேண்டும். போரான் நைட்ரைடு 100 மில்லிகிராம் சேர்த்தால் இரும்பின் விளிம்பில் அது தன் பங்குக்கு அரைக்குச் சற்று மேல்தான் சேர்க்கும். செல்லுலோஸ் பொடியும் நல்லது, விலையும் குறைவு. பக்கத்து அறையில் ஐஆர் எடுப்பவர்களிடம் பொட்டாசியம் புரோமைடு சும்மா கிடக்கிறதே என்று அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பொட்டாசியமும் புரோமினும் இந்த ஆற்றலில் கதிரை விழுங்கிவிடும். 100 மில்லிகிராம் சேர்த்தால் மொத்தம் பத்தைத் தாண்டும். அதாவது இருபதாயிரத்தில் ஒரு ஃபோட்டான்கூட மறுபக்கம் போகாது. அச்சும் அழுத்தியும் அவர்களுடையதையே இரவல் வாங்கலாம், பொடி மட்டும் வேண்டாம். அச்சையும் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்குங்கள்.

5.3 மில்லிகிராமைத் துல்லியமாக நிறுப்பது தலைவலி. நான் செய்வது இது: 53 மில்லிகிராம் மாதிரியும் ஒரு கிராம் போரான் நைட்ரைடும் சேர்த்து அகேட் கல்வத்தில் அரைத்து, அந்தக் கலவையிலிருந்து 105 மில்லிகிராம் எடுத்து அழுத்துவேன். பொடி மீந்தால் இரண்டாவது மாத்திரைக்கு ஆகும். நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். ஏசி இல்லாத அறையில் அக்னி நட்சத்திர நாட்களில் இதைச் செய்து பார்த்தால், கலவை எவ்வளவு சீராக இருக்கிறதோ அவ்வளவு சீராக முகத்தில் வியர்வையும் வழியும். ஒரு சொட்டு கல்வத்தில் விழுந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

எவ்வளவு நைசாக அரைப்பது? 400 மெஷ் சல்லடையில் சலித்தால் போதும் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அந்தச் சல்லடையின் கண் 37 மைக்ரோமீட்டர். ஆனால் ஃபெரிக் ஆக்சைடில் விளிம்புக்கு மேலே உறிஞ்சல் நீளம் ஆறேழு மைக்ரோமீட்டர்தான். துகள் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் துகளுக்குள் போகும் கதிர் செத்துவிடும், துகள்களுக்கு இடையே போகும் கதிர் அப்படியே போய்விடும். நெளிவுகளின் உயரம் குறையும். ஆறு அண்டை அணு இருக்கும் இடத்தில் நாலரை என்று விடை வரும், நீங்களும் ஆக்சிஜன் குறைபாடு கண்டுபிடித்துவிட்டதாகச் சந்தோஷப்படுவீர்கள். இதைத் தவிர்க்க, அரைத்த பொடியை ஐசோபுரோப்பனாலில் கலக்கி, சில நிமிடம் விட்டு, அடியில் தங்கியதை விட்டுவிட்டு மேலே மிதப்பதை மட்டும் எடுத்து உலர்த்துங்கள். அழுத்திய மாத்திரையை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை, விரிசல், திட்டுத் திட்டாக நிறம் என்று எது தெரிந்தாலும் உடைத்து மறுபடி அரைக்க வேண்டியதுதான். நல்ல மாத்திரை ஒரே நிறத்தில், ரோஸ் பவுடர் தடவிய மாதிரி இருக்கும்.

தனிமம் ஓரிரு சதவீதத்துக்கும் குறைவு என்றால் ஊடுருவல் முறை சரிப்படாது. மாதிரியை 45 பாகையில் திருப்பி ஒளிர்வை அளக்கும் முறைக்குப் போக வேண்டும். அதில் எதிர்ப்பக்கத் தப்பு நடக்கும்: செறிவு அதிகமான மாதிரியை ஒளிர்வில் அளந்தால் தன்னுறிஞ்சலால் நெளிவு சப்பையாகிவிடும்.

ஒப்பீட்டுப் பொருள்களுக்கும் இதே அக்கறை வேண்டும். இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். ஆக்சிஜனேற்ற நிலை இரண்டில் உள்ள இரும்புக்காக ஃபெரஸ் சல்ஃபேட்டை மாத்திரை போட்டேன். இளம்பச்சையாக அழகாக இருந்தது. ஐப்பசி மழை நேரம். ஒரு சாதாரண ஜிப் கவரில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, கிளம்பும் நாளில் அப்படியே பையில் போட்டேன். பீம்லைனில் கவரைத் திறந்தால் ஓரமெல்லாம் பழுப்பு. வேறு மாத்திரை இல்லாததால் அதையே அளந்தேன். இரண்டு நிலைக்கும் மூன்று நிலைக்கும் இடையே விளிம்பு நாலைந்து எலெக்ட்ரான் வோல்ட் நகர வேண்டும். எனக்கு இரண்டுகூட நகரவில்லை. அந்த ஒப்பீட்டுக் கோட்டை நம்பி என் மாதிரிகளில் இரண்டு நிலை இரும்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, மூன்று மாதம் கழித்துத்தான் எல்லாமே தப்பு என்று தெரிந்தது. இப்போதெல்லாம் மாத்திரை போட்ட அன்றே இருபக்கமும் காப்டான் டேப் ஒட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டெசிக்கேட்டரில் வைக்கிறேன். சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கும். மழைக்காலம்தான் என்றில்லை.

பயணமும் பீம் நேரமும்

தில்லி ரயிலில் போபாலில் இறங்கி அங்கிருந்து இந்தூர் போகலாம், அல்லது விமானம். விமானத்தில் போனால், பெயர் எழுதாத வெள்ளைப் பொடி டப்பாக்களைப் பையில் வைத்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனையில் நிற்காதீர்கள். மாத்திரைகளை ஒரு பெட்டியில் வரிசையாக எண்ணிட்டு அடுக்கி, எந்த எண் எந்தச் சேர்மம் என்ற பட்டியலைத் துறைத் தலைவர் கையெழுத்தோடு கூடவே வையுங்கள். போகுமிடம் அணுசக்தித் துறை வளாகம் என்பதால் அடையாள அட்டை, கல்லூரிக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். மடிக்கணினி, பென் டிரைவ் கொண்டுபோகலாமா என்பதை முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். காலையில் போஹாவும் ஜிலேபியும் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனால் மத்தியானம் வரை தாங்கும்.

முதலில் உலோகத் தகடு. இரும்பை அளப்பதாக இருந்தால் இரும்புத் தகடு. அதன் உறிஞ்சல் கோட்டின் சரிவு முதலில் உச்சமடையும் இடத்தை 7112 என்று வைத்துக்கொள்வது வழக்கம். முடிந்தால் மாதிரிக்குப் பின்னால் மூன்றாவது கலத்துக்கு முன் அதே தகட்டை நிரந்தரமாக வைத்து, ஒவ்வோர் ஓட்டத்திலும் கூடவே அளந்துகொள்ளுங்கள். ஆற்றல் அளவுகோல் ராத்திரியில் அரை எலெக்ட்ரான் வோல்ட் நகர்ந்திருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து உங்கள் மாதிரி. முதல் ஓட்டம் முடிந்ததும் திரையில் விளிம்பின் உயரத்தைப் பாருங்கள். 0.1 என்று வந்தால் மாத்திரை மெலிது, இரண்டை மேல் அடுக்குங்கள். ஒன்றின் பக்கம் வந்தால் நிம்மதி. ஒரே மாதிரிக்குக் குறைந்தது இரண்டு மூன்று ஓட்டம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். விளிம்பு ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே திசையில் நகர்ந்தால் கதிர் உங்கள் மாதிரியை மாற்றுகிறது என்று அர்த்தம், இடத்தை நகர்த்துங்கள். நோட்டுப் புத்தகத்தில் கோப்பின் பெயர், மாத்திரை எண், நேரம், என்ன மாற்றினீர்கள் என்பதையெல்லாம் கையால் எழுதுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு வைத்த கோப்புப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று சென்னை வந்தபின் யாராலும் சொல்ல முடியாது. பீம்லைன் விஞ்ஞானியிடம் கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் அவர் தொடச் சொல்லாத திருகைத் தொடாதீர்கள்.

தரவு

மடிக்கணினியில் அதீனா, ஆர்ட்டெமிஸ் என்ற இரண்டு மென்பொருள்களையும் ஏற்றிக்கொண்டே போங்கள். புரூஸ் ராவெல் எழுதியவை, இலவசம். மேத்யூ நியூவில்லின் லார்ச்சும் இருக்கிறது, பைத்தான் தெரிந்தவர்களுக்கு அதுவே சௌகரியம்.

அதீனாவில் வரிசை இதுதான்: தகட்டை வைத்து ஆற்றலைச் சரிசெய்வது, ஓட்டங்களை ஒன்றோடொன்று பொருத்திச் சேர்ப்பது, விளிம்புக்கு முன்னும் பின்னும் கோடு இழுத்து உயரத்தை 1 ஆக்குவது, பின்னணியைக் கழிப்பது, அலை எண்ணுக்கு மாற்றி ஃபூரியே மாற்றம் செய்வது. பின்னணிக்கு 1 ஆங்ஸ்ட்ராம், அலை எண் 3 முதல் 12 வரை, எடை (நெளிவைப் பெருக்கும் அலை எண்ணின் அடுக்கு) 2 என்று தொடங்குங்கள். எல்லா மாதிரிக்கும் ஒரே எண்களை வைத்துக்கொள்வது முக்கியம். அழகாக வர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண் வைத்தால் ஒப்பிட முடியாமல் போய்விடும்.

ஃபூரியே படத்தில் வரும் சிகரத்தைப் பார்த்துப் பிணைப்பு நீளம் என்று எழுதிவிடாதீர்கள். மோதித் திரும்பும்போது அலையின் கட்டம் நகர்வதைச் சரிசெய்யாத படம் அது. தாமிரத் தகட்டில் உண்மையான தூரம் 2.55 ஆங்ஸ்ட்ராம், சிகரம் 2.2 பக்கத்தில் நிற்கும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

பொருத்துவது ஆர்ட்டெமிஸில். படிக அமைப்புக் கோப்பைக் கொடுத்தால், ஜான் ரேர் குழுவின் ஃபெஃப் நிரல் எலெக்ட்ரான் அலை போய்த் திரும்பும் ஒவ்வொரு பாதைக்கும் கணக்குப் போட்டுத் தரும். முதலில் தகட்டைப் பொருத்துங்கள். தாமிரத்துக்கு 12 அண்டை அணு என்பது தெரிந்த விஷயம். அந்த 12-ஐ நிலையாக வைத்து, நெளிவின் உயரத்தைச் சரிசெய்யும் வீச்சுக் காரணியைக் கண்டுபிடியுங்கள், 0.9-ஐ ஒட்டி வரும். உங்கள் தனிமத்தின் தகட்டுக்கும் அப்படியே செய்து, அந்த எண்ணை மாதிரியில் பூட்டிவிட்டு அப்புறம் அண்டை அணுக்களை எண்ணுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு எங்கேயோ போய் நிற்கும்.

எத்தனை அளவுருக்களை அவிழ்க்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. அலை எண் வீச்சையும் தூர வீச்சையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, பையால் வகுக்க வேண்டும். 3 முதல் 12 வரையும் 1 முதல் 3 ஆங்ஸ்ட்ராம் வரையும் எடுத்தால் பதினொன்று வரும். அதில் ஏழெட்டுக்கு மேல் அவிழ்க்காதீர்கள். ஆற்றல் நகர்வு 10 எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினாலோ, அணுக்களின் அதிர்வால் தூரம் எவ்வளவு சிதறுகிறது என்று சொல்லும் அதிர்வுக் காரணி எதிர்ம எண்ணாக வந்தாலோ, பொருத்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிப்போட்டுவிட்டு, பொருத்துவதற்கு ஊகித்துக் கொடுத்த அமைப்பை மாற்றுங்கள்.

தூரம் பொதுவாக 0.01, 0.02 ஆங்ஸ்ட்ராம் பிழைக்குள் வரும். அண்டை அணு எண்ணிக்கையில் பத்து இருபது சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஆகவே 5.7 என்று வந்ததை வைத்து ஆக்சிஜன் காலியிடம் என்று எழுதும் முன் பிழையைப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கும் பிழை, படத்தின் கீழே அலை எண் வீச்சும் எடையும், ஒப்பீட்டுப் பொருள் எங்கே வாங்கியது, எப்படிக் காத்தது என்ற ஒரு வரி, இவ்வளவும் இருக்கட்டும். மீந்த மாத்திரைகளை டேப் பிரிக்காமல் டெசிக்கேட்டரிலேயே வையுங்கள். மதிப்புரையாளர் ஒரு கேள்வி கேட்டால் அதே மாத்திரையை மறுபடி அளக்க வேண்டிவரும்.